இப்போது வேண்டாம்

ஜனவரி 9

புள்ளிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ 'நலம்' என்றுதான் எழுதுவாய். நேற்று மதியம் என்ன சாப்பிட்டாய், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று எழுது. மிச்சத்தை நானே தெரிந்துகொள்கிறேன்.

பதினைந்து மாதத்தில் இது உன் நான்காவது அலுவலக முகவரி. யாருக்காவது பயந்து ஓடுகிறாயா? ஒவ்வொரு முறையும் தெருவை மாற்றி எழுதுகிறேன், கதவு எண்ணை மாற்றி எழுதுகிறேன். 'மொழிபெயர்ப்பாளர்' என்ற ஒரு வரிதான் மாறாமல் இருக்கிறது. உறையில் அதை எழுதும்போது மட்டும் என் கையெழுத்து நன்றாக வருகிறது.

காது டாக்டரைப் பார்த்தேன். இடது காது முடிந்துவிட்டது. வலதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் அரவை இயந்திரத்தோடு உட்கார்ந்து ஊராருக்குப் பல் செட் செய்தால் காது போகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இயந்திரச் சத்தத்தில் கேட்டிருக்காது. டாக்டர் கடைசியில் எழுதிக் காட்டினார். அவர் கையெழுத்துக்கு என் காதே தேவலை.

அதனால் ஃபோன் வேண்டாம். குறுஞ்செய்தியும் வேண்டாம். நான் பத்து வரி அனுப்பினால் நீ 'ம்' என்று அனுப்புகிறாய். அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? காகிதத்தில் எழுது. ஒரு பக்கத்தையாவது நிரப்பியாக வேண்டும் அல்லவா.

எங்கள் பல் கூடத்தை ஆகஸ்ட் கடைசியில் மூடுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு.

குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு போ.

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

இரண்டு முட்டை, ரொட்டி. படிக்கட்டில் உட்கார்ந்து. இங்கே சாப்பாட்டு அறை உண்டு. ஆனால் அங்கே சாப்பிடுவதோடு பேசவும் வேண்டியிருக்கிறது. உன் வலது காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

நான் ஓடவில்லை. எங்கள் நிறுவனம் அலுவலகத்தைக் காலி செய்தது. ஆளுக்கோர் நுழைவு அட்டை கொடுத்து, இனி எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலை செய்யுங்கள் என்றது. 'எங்கே வேண்டுமானாலும்' என்பது படிக்க விசாலமாக இருக்கிறது. போய்ப் பார்த்தால் ஒரு நாற்காலி அகலம்.

முதலில் போனது மூடிப்போன திரையரங்கு. தரை இன்னும் சரிவுதான். பென்சில் விழுந்தால் முன்வரிசை வரை உருளும். திரை இருந்த இடத்தில் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். பின்வரிசையிலிருந்து பார்த்தால் ஊமைப்படம்.

இரண்டாவது, பேச்சே கூடாத இடம். ஒருமுறை தும்மினேன். ஏழு பேர் திரும்பினார்கள். அடுத்த தும்மலுக்குத் தெருவுக்கு ஓடினேன்.

மூன்றாவதில் குழந்தைகளுக்கு ஓர் அறை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மாக்களும் கணினிகளும், அந்தப் பக்கம் குழந்தைகள். ஒன்று மட்டும் கன்னத்தைக் கண்ணாடியில் அழுத்தி என்னையே பார்க்கும். யாருடைய அப்பா என்று குழம்பியதோ.

சமையல்காரர்களுக்கு அடுப்போடு ஓர் இடம், தையல்காரர்களுக்கு இயந்திரத்தோடு ஓர் இடம், நாயை விட்டுவர முடியாதவர்களுக்கு ஓர் இடம். மாதத்துக்கு ஒன்று திறக்கிறார்கள். யாருக்கும் சொந்தமாக ஒரு மேசை இல்லை போலிருக்கிறது.

இப்போது இருப்பது பழைய பஞ்சுக் கிடங்கு. கீழ்த்தளத்தில் கைவேலைக்காரர்களுக்குப் பட்டறை மேசைகள், தண்ணீர்க் குழாய், தூசி இழுக்கும் குழல். மேலே மூன்றாம் தளத்தில் என்னைப் போன்றவர்கள். அங்கேயே ஃபோன் பேசுவதற்குக் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே ஒவ்வொருவரும் வாயை மட்டும் அசைக்கிறார்கள். தொட்டி மீன்கள்.

ஒரு செய்தி. மேசைமேல் வைக்க இருபக்க அட்டை அச்சடிக்கப் போகிறார்கள். பச்சைப் பக்கம் தெரிந்தால் பேசலாம். சிவப்பு தெரிந்தால் கூடாது. கட்டடத்து ஆட்களுக்கு முதலாளியம்மா போட்ட சட்டம்: "செவப்பு இருந்தா மூஞ்சியக்கூடப் பாக்கக் கூடாது. தண்ணிய இடது பக்கமா வச்சுட்டு, சத்தமில்லாம நகந்துடணும்." அட்டையில் என்ன எழுதலாம் என்று என்னைக் கேட்டார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பு பரவாயில்லை. தூக்கமும் பரவாயில்லை.

புள்ளி


பிப்ரவரி 19

புள்ளிக்கு,

படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடாதே. ஆட்கள் தாண்டிப் போவார்கள். உன் 'பரவாயில்லை' இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

கூட்டுக் குடும்பம் ஆகாது என்று வீட்டைவிட்டுப் போனவன் கூட்டு அலுவலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அப்பா இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார். நீ பிறந்ததும் 'இதோட முற்றுப்புள்ளி' என்று சொன்னவர் அல்லவா. அந்தப் புள்ளி இப்படி உருண்டுகொண்டே போகும் என்று அவருக்குத் தெரியாது.

இப்போது விஷயம். கீழ்த்தளத்தில் பட்டறை மேசை என்று எழுதியிருந்தாய். எத்தனை மேசை? குழாய் மேசைக்கு அருகிலா, சுவரோரமா? பல் அச்சுக்கான மாவு கரைத்த தண்ணீர் போனால் வடிகால் அடைக்குமா? தூசிக் குழல் உண்மையாகவே இழுக்கிறதா, சத்தம் மட்டுமா?

ஆகஸ்டுக்குப் பிறகு எனக்கு ஓர் இடம் வேண்டும். வீட்டுக்குள் அரைத்தால் பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு பல் டாக்டர்கள் தொடர்ந்து வேலை தருவதாகச் சொல்கிறார்கள். "நீங்க எங்க இருந்து வேணா செய்ங்கம்மா, பல்லு கடிச்சா போதும்" என்றார் ஒருவர். வலது காதுப் பக்கம் நின்று சொன்னதால் முழுதாகக் கேட்டது.

உன் கட்டடத்தில் ஒரு மேசை கிடைக்குமா? நான் வரட்டுமா?

இங்கே பேச ஆளில்லை என்று சொல்லவில்லை. பேசினாலும் கேட்காது. ஆனால் கேட்காமல் ஒற்றையாக இருப்பது வேறு. கேட்காமல் நாலு பேர் நடுவில் இருப்பது வேறு. இரண்டாவதை ஒருமுறை இருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முட்டையை மட்டும் தின்றுகொண்டிருக்காதே.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

உன் காதும் கண்ணும் எப்படி இருக்கின்றன? ஆறு வாரமாக உனக்குப் பதில் எழுதினேன். எழுதியதில் மிஞ்சியது இது.

அட்டை வந்துவிட்டது. முதலில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். "ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருக்கு" என்றார் முதலாளியம்மா. 'பேச வேண்டாம்' என்று மாற்றினேன். "புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி இருக்கு" என்றார். ஒரு வாரம் கழித்து 'இப்போது வேண்டாம்' என்று எழுதினேன். உடனே சரி என்றார். பச்சைப் பக்கத்துக்கு 'சொல்லுங்க'.

'இப்போது' என்று முன்னால் போட்டதும் 'வேண்டாம்' என்பதன் கூர் மழுங்கிவிடுகிறது. பிறகு வரலாம் என்று அதற்குள் இருக்கிறது. எப்போது என்று இல்லை.

மேசை பற்றி. கீழ்த்தளத்தில் காலி இல்லை. எப்போது காலியாகும் என்றும் தெரியவில்லை.

இப்போது வேண்டாம் அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

புள்ளி


ஏப்ரல் 15

புள்ளிக்கு,

சரி.

கண் நன்றாக இருக்கிறது. அதனால்தான் உன் கடிதம் எவ்வளவு சின்னது என்று தெரிகிறது.

நல்ல சொல்தான் பிடித்திருக்கிறாய். அடியைத் துணியில் சுற்றி அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாய். படித்த படிப்பு வீண் போகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் எந்த இயந்திரத்தின் கையேட்டை மொழிபெயர்க்கிறாய் என்று எழுதுவாய். துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் பூனை இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும் என்ற வரியைப் படித்து இங்கே ஒரு நாள் முழுக்கச் சிரித்தோம். கூடத்தில் என்னோடு வேலை செய்யும் பெரியவருக்குப் பல் செட்டே கழன்றுவிட்டது. ஐந்து மாதமாக நீ ஓர் இயந்திரத்தைப் பற்றியும் எழுதவில்லை.

இப்போது எது?

வெயில் வந்துவிட்டது. தண்ணீர் குடி.

அக்கா


ஜூன் 3

அக்கா,

தண்ணீர் குடிக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் ஆள்காட்டி விரலில் ஒரு கட்டு. சின்னக் காயம். நீ எப்படி இருக்கிறாய்?

இப்போது காபி இயந்திரம். பெரியது, நூறு பேருக்கானது. அடித்தட்டை நாளுக்கு இருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். கழற்றும்போது வலது ஓரம் விரலைக் கிழிக்கும். இதைக் கையேட்டில் எழுத மாட்டார்கள். பால் குழாயை வெந்நீரில் ஊறவைக்காவிட்டால் மூன்றாம் நாள் ஒரு வாடை வரும். அதையும் எழுத மாட்டார்கள்.

காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். முதலில் வருகிறவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வேலை என்று ஒன்றுமில்லை. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டு, குறுக்கெழுத்துப் போடுவார். ஒருநாள் அவர் அட்டையை வைக்கும் முன் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். "வீட்ல இருந்தா, ஏன் இன்னும் வீட்ல இருக்கீங்கன்னு கேக்க ஆள் வேணும்ல. அது இல்ல" என்றார். இங்கே யார் கேட்கிறார்கள் என்றேன். "இங்க யாரும் கேக்கக் கூடாதுன்னு அட்டை வச்சிருக்கேன்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி."

மாலையில் எல்லோரும் போனபின் நாற்காலிகள் அவரவர் எழுந்த கோணத்திலேயே நிற்கும். எண்பத்து நான்கு. ஒன்று ஜன்னலைப் பார்த்து, ஒன்று சுவரைப் பார்த்து. ஒவ்வொன்றையும் உள்ளே தள்ளினால்தான் ஆட்கள் போய்விட்டதாகத் தோன்றும்.

களைப்பாக இருக்கிறது. நோய் இல்லை. களைப்பு மட்டும்.

புள்ளி


ஜூலை 11

புள்ளிக்கு,

விரல் ஆறியதா? ஆறாவிட்டால் மஞ்சள் நிறத்தில் ஒரு களிம்பு கிடைக்கும், மருந்துக்கடையில் கேள். தண்ணீரில் நனைகிற கை சீக்கிரம் ஆறாது.

போன வாரம் காதுக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். வலது காதில் மாட்டியதும் முதலில் கேட்டது என் சேலையின் சரசரப்பு. இத்தனை வருடம் நான் இவ்வளவு சத்தமாக நடந்திருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை.

பெரியவர் அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருக்கிறார். யாரும் வாங்கிப் போகாத பல் செட்டுகள் முப்பத்தொன்று கிடைத்தன. வரிசையாக வைத்தால் எல்லாம் சேர்ந்து சிரிக்கின்றன. இன்னும் ஏழு வாரம்.

வேளைக்குச் சாப்பிடு. உட்கார்ந்து சாப்பிடு.

அக்கா

பின்குறிப்பு: கீழ்த்தளத்தில் மூன்றாவது குழாயைத் திருகினால் இரண்டாவதில் தண்ணீர் வருகிறது. யாரிடமாவது சொல்லிச் சரிசெய்யச் சொல்.


ஜூலை 15

அக்கா,

விரல் ஆறிவிட்டது.

அந்தக் குழாயைப் பற்றி நான் உனக்கு எழுதவில்லை. எல்லாக் கடிதங்களையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எழுதவில்லை.

இந்த முறை உறையில் 'மொழிபெயர்ப்பாளர்' என்றும் இல்லை.

நீ வந்திருந்தாயா?

புள்ளி


ஜூலை 22

புள்ளிக்கு,

வந்திருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

காதுக் கருவி பொருத்தியது உன் ஊரில்தான். செவ்வாய் மதியம் வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் கையில் நேரம் இருந்தது. மேசை காலியில்லை என்று எழுதியிருந்தாய், இருந்தாலும் குழாயையும் வடிகாலையும் ஒரு கண் பார்த்துவிட்டால் பின்னால் உதவும் என்று உன் கட்டடத்துக்கு வந்தேன். உணவு நேரத்தில் மூன்றாம் தளத்துக்கு ஏறிவந்து உன் முன்னால் நிற்கலாம் என்று திட்டம்.

வாசலில் முதலாளியம்மா இருந்தார். ஒரு நாளுக்கு உட்கார்ந்து பார்க்கலாம் என்று நாலாவது மேசையைக் கொடுத்தார். காலியாகத்தான் இருந்தது. அட்டையை நீட்டி எந்தப் பக்கம் வேண்டும் என்று சைகையால் கேட்டார். எனக்குக் காது கேட்காது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவதைவிட இது சுலபம் என்று சிவப்பை வைத்தேன். உன் சொல் எனக்கும் உதவியது.

கொண்டுவந்திருந்த ஒரு கீழ்த்தாடைப் பல் செட்டைத் தேய்க்கத் தொடங்கினேன். மூக்கில் துணி, கண்ணில் பெரிய கண்ணாடி, தலையில் தொப்பி. உனக்குத் தெரியும், வேலையில் இருந்தால் நான் நிமிர மாட்டேன்.

திடீரென்று ஒரு தண்ணீர் டம்ளர் இருந்தது. இடது பக்கம். வைத்த கை பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலில் கட்டு.

ஆறு வயதில் கதவிடுக்கில் மாட்டி நகம் கோணிப்போன கட்டைவிரல் அந்தக் கையில்தான் இருந்தது. அந்தக் கதவைச் சாத்தியது நான்.

நிமிர்ந்து பார்த்தபோது உன் முதுகு தெரிந்தது. சாம்பல் நிற ஏப்ரன். சுவரோரம் சாய்த்திருந்த மடக்கு நாற்காலிகளை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டாய். கதவருகே ஒருவர் உன்னிடம் ஏதோ சொன்னார், நீ தலையாட்டினாய். திரும்பி என்னைக் கடந்து போனபோதும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் போனாய். சட்டம் அப்படி. நன்றாகக் கடைப்பிடிக்கிறாய்.

அட்டையைத் திருப்பியிருக்கலாம். கைவரை வந்தது. நீ ஏழு மாதமாக மூடிவைத்ததை நான் ஒரு நொடியில் திறந்தால், நீ அந்த நாற்காலிகளை எங்கே வைப்பாய் என்று தெரியவில்லை. தண்ணீரைக் குடித்தேன். டம்ளரைக் கழுவப் போனபோதுதான் குழாய் விஷயம் தெரிந்தது. மூன்றாம் தளத்துக்கு ஏறவில்லை.

நீ வேலை செய்துகொண்டிருந்தாய். அதை மட்டும்தான் பார்த்தேன்.

கூடம் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி மூடுகிறது. நான் மறுபடி கேட்க மாட்டேன்.

மறுபடி விரல் கிழிந்தால், நனைந்த கையைத் துடைத்துவிட்டுக் கட்டுப் போடு.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

நலமாக இல்லை. இதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றதை எழுத வருகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் வருகிறது.

நவம்பரில் வேலை போய்விட்டது. பன்னிரண்டு பேர் இருந்தோம். இப்போது ஒரு மென்பொருள் மொழிபெயர்க்கிறது, ஒருவர் சரிபார்க்கிறார். அந்த ஒருவர் நானில்லை. மூன்றாவது இடத்தின் கதவில் என் அட்டையை வைத்தேன். திறக்கவில்லை. உள்ளேயிருந்து அந்தக் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் இங்கே வந்தேன். மேசை கேட்டு வரவில்லை. வேலை கேட்டு வந்தேன்.

கதவு, காபி, நாற்காலி, தண்ணீர், தபால்.

ஆம், தபாலும். காலையில் கட்டைப் பிரித்துப் பெட்டிகளில் போடுவது நான்தான். அதில் உன் உறை இருக்கும். 'மொழிபெயர்ப்பாளர், மூன்றாம் தளம்.' முதலாளியம்மா எட்டிப் பார்த்து, "மொழிபெயர்ப்பாளர் வந்தா குடுத்துடுப்பா" என்பார். "அவருக்கு இன்னிக்கு லீவு மேடம்" என்பேன். சிரிப்போம். உறையை ஒரு காலிப் பெட்டியில் போட்டுவிட்டு, மாலையில் நாற்காலிகளைத் தள்ளியபின், வேறு யாரோ போல் போய் எடுத்துப் படிப்பேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரிந்துவிடும் என்பதைவிட, உறையில் அந்த வரி வராமல் போய்விடும் என்பதுதான் பயமாக இருந்தது. நீ ஒருத்தி எழுதும்வரை அந்த ஆள் எங்கோ மூன்றாம் தளத்தில் உட்கார்ந்திருந்தார். நீ வந்தால் அவர் போயாக வேண்டும். மேசை காலியில்லை என்று எழுதியது பொய். நாலாவது மேசை மார்ச்சிலிருந்தே காலி.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்த மேசையைத் தாண்டும்போதெல்லாம் தலை தானாக நிமிர்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை நினைவிருக்கிறது. தொப்பி போட்ட ஒரு பெண், பல் செட்டைத் தேய்க்கிறாள் என்று பார்த்தேன். எங்க அக்காவும் இதைத்தான் செய்கிறாள் என்றுகூட நினைத்தேன். அட்டை சிவப்பாக இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழுதிய சொல். நானே படித்துக் கீழ்ப்படிந்துவிட்டு நகர்ந்தேன்.

நேற்று நாலாவது மேசையைப் பதிவு செய்தேன். முதலாளியம்மா பேரேட்டைத் திறந்து, "யார் பேருக்கு?" என்றார். "அக்கா" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். குழாயைச் சரிசெய்ய அடுத்த மாதம் ஆள் வருவாராம். போன மாதமும் அப்படித்தான் சொன்னார்கள். வடிகால் அடைக்கிறதா என்று இரண்டு நாள் மாவைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். போகிறது.

உன் வேலைக்கு இடம் போதுமா என்று தெரியவில்லை. என் அறையில் ஒரு கட்டில்தான். இன்னொன்று சொல்லியிருக்கிறேன்.

வா.

புள்ளி


ஆகஸ்ட் 25

புள்ளிக்கு,

இந்த முறை நீ எழுதிய முதல் வரிக்காக உன்மேல் கோபம் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். முதுகு மட்டும் வலிக்கிறது. இருபத்திரண்டு வருடத்தை அட்டைப் பெட்டியில் கட்டினால் வலிக்கத்தான் செய்யும்.

செப்டம்பர் இரண்டு, காலை ஏழு மணி. நில அளவையாளருக்கு முன்னால் வந்துவிடுகிறேன். அரவை இயந்திரம் கனம், வாசலில் நீ நில். பூவும் வேண்டாம் பேச்சும் வேண்டாம், ஏப்ரனோடு வந்து ஒரு முனையைப் பிடி.

உறையில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பழையபடியே எழுதியிருக்கிறேன், மூன்றாம் தளத்தை மட்டும் அடித்துவிட்டு. துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து பூனையைக் காப்பாற்றியவன் நீ. அதை எந்த மென்பொருளும் செய்யவில்லை.

ஒரே ஒரு சட்டத்தை மட்டும் எனக்காக மாற்று. தண்ணீரை இடது பக்கம் வைக்காதே. அன்று நீ வந்ததும் தெரியவில்லை, வைத்ததும் தெரியவில்லை, கை போகும்போதுதான் பார்த்தேன்.

வலது பக்கம் வை. கொஞ்சம் சத்தமாக வை.

அக்கா